நிறுத்தும் பொத்தான் யார் கையில்

2018 இலையுதிர் காலம். கனடாவின் வட ஒன்ராறியோவில் ஏரிக்கரையோரம் ஒரு வீட்டுச் சமையலறை. ஒரு பகல் முழுக்க வண்டியோடிப் போய்ச் சேர்ந்து, பையைத் திறந்து பூம் மைக்கைப் பொருத்தத் தொடங்கினேன். இயக்குநர் என் தோளைத் தொட்டு, "இன்றைக்கு எதையும் வெளியே எடுக்க வேண்டாம். தேத்தண்ணி குடிப்போம்" என்றார். அன்று ஒரு நொடிகூடப் பதிவு செய்யவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டோம்.

ஸ்காபரோவில் கல்யாண வீடியோவில் தொடங்கி தொலைக்காட்சி வரை 14 வருடங்கள் ஒலிப்பதிவு செய்தவன் நான். சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், எதையும் எடுக்காமல் திரும்புகிற படப்பிடிப்பை அதுவரை பார்த்ததில்லை. அந்தப் படம் முடிய நான்கு வருடங்கள் எடுத்தது. ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுகிற நம் இளையவர்கள், முக்கியமாகப் போரையும் இழப்பையும் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கதைக்கவைக்க நினைப்பவர்கள், கமராவைத் தூக்குமுன் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இயக்குநர் கனடாவின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களைச் சேர்ந்த பெண். படத்தின் மையம் அவருடைய பெரியம்மா. வதிவிடப் பாடசாலையில் ஒன்பது வருடங்கள் இருந்தவர், அப்போது அவருக்கு 76 வயது. பெயர்களையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. எழுதியதை முதலில் இயக்குநருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

வதிவிடப் பாடசாலை என்றால் என்னவென்று கனடாவுக்கு வந்த நம்மில் பலருக்கு நீண்ட காலம் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1990கள் வரை, அரசின் பணத்தில் பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய விடுதிப் பள்ளிகள் அவை. சுமார் 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள். 1920இல் சட்டம் இறுக்கப்பட்டபின் பெற்றோர் மறுப்பதும் குற்றமானது. தாய்மொழியில் கதைத்தால் அடி. பல பள்ளிகளில் பெயருக்குப் பதிலாக எண். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது.

பெரியம்மா அந்த ஆணைக்குழுவின் முன் போகவில்லை. ஏன் என்று பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார்: "அங்கே போனால் என்னுடைய முறை வரும்போது சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வரும்போதுதான் சொல்ல முடியும்."

எங்கள் இரண்டாவது பயணத்தில்தான் அவர் புகையிலையை வாங்கிக்கொண்டார். ஒரு மூத்தவரிடம் கதையோ அறிவோ கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது அந்த மக்களின் வழக்கம். அதை வாங்கிக்கொண்டால் கேட்டதற்கு உடன்படுகிறார் என்று பொருள். சொந்தப் பெறாமகள் கேட்டும்கூட முதல் தடவை அவர் வாங்கவில்லை. மேசையில் இருந்த சிறு பொட்டலத்தைப் பார்த்தார், வேறு கதைக்குப் போனார். அதை ஒரு மறுப்பாக நான் புரிந்துகொண்டேன். "மறுக்கவில்லை, யோசிக்கிறார். யோசிக்க நாங்கள் இடம் கொடுக்க வேண்டும்" என்றார் இயக்குநர். அந்த இடம் பட்ஜெட்டில் ஒரு முழுப் பயணச் செலவாக எழுதப்பட்டிருந்தது. இப்போது நான் வேலை செய்கிற எந்தப் படத்திலும் இதைத்தான் முதலில் கேட்கிறேன்: எதையும் எடுக்காமல் திரும்பிவரப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

முதல் எட்டு மாதங்கள் கமராவே இல்லை. ஒரு சிறிய ரெக்கோடர் மட்டும். இது எங்கள் இயக்குநர் கண்டுபிடித்த முறையும் இல்லை. அபெனாகி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த இயக்குநர் அலானிஸ் ஒபொம்சாவின் அப்படித்தான் செய்துவந்தார். 1967இல் கனடியத் தேசியத் திரைப்படச் சபையில் சேர்ந்து 50க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். படக்குழு வருமுன் தனியாகப் போய், ஒலியை மட்டும் பதிந்துகொண்டு, மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். 1990இல் கியூபெக்கில் மோஹாக் மக்களின் நிலத்துக்காக நடந்த 78 நாள் முற்றுகையை முள்வேலிக்கு உள்ளே இருந்து படமாக்கியவரும் அவர்தான். இந்தப் பாதையில் வருகிற இளம் பூர்வகுடி இயக்குநர்கள் பலரும் அவரைத் தங்கள் வீட்டு மூத்தவரைப்போலத்தான் சொல்கிறார்கள்.

ஒலிப்பதிவாளனான எனக்கு இது பெரிய பாடம். படப்பிடிப்பில் எங்களை எப்போதும் கமராவுக்குப் பின்னால்தான் நிறுத்துவார்கள். இங்கே நான்தான் முதலில் உட்கார்ந்தேன். கமரா ஒரு வீட்டுக்குள் வந்தால் விளக்கு வரும், நாலைந்து பேர் வருவார்கள், தளபாடங்கள் இடம் மாறும். ரெக்கோடர் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்துவிடும்.

கமரா மீது அந்த ஊரில் இருந்த தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. 1922இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தில், துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்த இனுயிட் மக்களை ஈட்டியோடு வேட்டையாடவைத்து அதுவே அவர்களின் வாழ்க்கை என்று காட்டினார்கள். வதிவிடப் பாடசாலைகளும் நிறையப் படம் எடுத்தன: வரிசையாக நிற்கிற பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பெரியம்மா படித்த பள்ளியின் படம் ஒன்று ஒரு காப்பகத்தில் கிடைத்தது. இரண்டாம் வரிசையில் அவர் நிற்கிறார். அதைப் படத்தில் பயன்படுத்த அந்தக் காப்பகம் கட்டணம் கேட்டது. இயக்குநர் அந்த மின்னஞ்சலைப் பெரியம்மாவிடம் காட்டவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார். அந்தக் காப்பகம் கட்டணம் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இனி நான் செய்த இரண்டு பிழைகள்.

முதலாவது, மூன்றாவது பயணத்தில். விடுதியில் முதல் இரவு எப்படி இருந்தது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் தங்கை அழுததையும், எழுந்து போக விடாததையும் சொல்லி நிறுத்தினார். அந்த மௌனத்தைத் தாங்க எனக்கு முடியவில்லை. "எனக்குப் புரிகிறது. எங்கள் ஊரிலும் போர். நானும் சின்ன வயதில்..." என்று தொடங்கி, இடம்பெயர்ந்தது, பதுங்குகுழி, சித்தப்பா காணாமல் போனது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். முடித்தபோது அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வந்தவர், தன் கதையை அப்படியே வைத்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அதற்குமேல் பதிவு நடக்கவில்லை.

இரவு இயக்குநர் கடிந்துகொள்ளவில்லை. "அவருக்கு இப்போது உன் கதையையும் சுமக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். பிறர் துயரைக் கேட்கும்போது நம் துயரும் எழும். ஈழத்தில் இருந்து வந்த எவருக்கும் எழாமல் இராது. அதை இறக்கிவைக்க இன்னொரு இடம் வேண்டும். அதற்குப் பிறகு படப்பிடிப்பு முடிந்த ஒவ்வொரு மாலையும் வண்டியில் ஏறியதும் என் தங்கைக்கு அழைத்து அரை மணிநேரம் கதைப்பேன். குழுவில் இருக்கிற எல்லோருக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பிழை பெரியது. 2019 கோடை, அப்போது கமராவும் வந்துவிட்டது. மதிய இடைவேளையில் பெரியம்மா பின்வாசல் படிக்குப் போய் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டையில் குத்திய மைக்கை நான் கழற்றவில்லை. ஹெட்போனில் அவர் குரல் வந்தது. தன் மொழியில், மெல்ல, யாருடனோ கதைக்கிறார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். பதிவை நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு நிமிடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தேன், பதிவும் ஓடிக்கொண்டே இருந்தது.

இரவு இயக்குநரிடம் சொன்னேன். காலையில் இருவருமாகப் பெரியம்மாவிடம் சொன்னோம். ஹெட்போனை வாங்கி, தனியாக அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "இது என் தங்கைக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னது இல்லை. அழித்துவிடு, மகன்" என்றார்.

அழிக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு பதிவு, ஒரு கடிதம், ஒரு புகைப்படம் அழிகிறது என்றாலே நெஞ்சு பதறும். எல்லாவற்றையும் காப்பாற்றி வை, நாளைக்குச் சாட்சி வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். வதிவிடப் பாடசாலைகளில் நடந்த கொடுமைகளுக்கு இழப்பீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் மூடிய அறைகளில் வாக்குமூலம் கொடுத்தார்கள். இரகசியமாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிறகு அந்தப் பதிவுகள் தேசத்தின் வரலாறு, பாதுகாக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தது. 2017இல் கனடிய உச்ச நீதிமன்றம், சொன்னவர் பாதுகாக்கச் சம்மதித்தால் தவிர 15 ஆண்டுகளுக்குப் பின் அவை அழிக்கப்பட வேண்டும் என்று முடிவு சொன்னது.

"உங்கள் நூலகத்தை எரித்தது யார்?" என்று கேட்டார். பதில் அவருக்குத் தெரியும். எங்கள் அனுமதியில்லாமல் எங்களுடையதை எரித்தார்கள். இங்கே தன்னுடையதை வைத்திருப்பதா விடுவதா என்று ஒருவர் தானே முடிவு செய்கிறார். சிறுவயதில் பெரியம்மாவிடமிருந்து எல்லாவற்றையும் கேட்காமல் எடுத்தார்கள்: தலைமுடி, பெயர், மொழி, தங்கை. நானும் ஒரு நான்கு நிமிடத்தைக் கேட்காமல் எடுத்திருக்கிறேன். பெரியம்மா பக்கத்தில் இருக்க, ரெக்கோடரிலும் கார்டிலும் பிரதி எடுத்த இரண்டு டிஸ்க்குகளிலும் அழித்தேன். அழிந்ததைத் திரையில் அவருக்குக் காட்டினேன்.

அன்று மாலையே அவர் புதிதாக ஒன்றைச் சொன்னார். கமராவுக்கு முன்னால், தானே கேட்டு. படத்தின் மிக முக்கியமான ஏழு நிமிடங்கள் அவை. அழித்ததற்குக் கிடைத்த கூலியாக அதை நான் பார்க்கவில்லை, அவர் சொல்லாமலே விட்டிருந்தாலும் அழித்தது சரிதான். ஆனால் ரெக்கோடரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்து, எந்தப் பொத்தான் நிறுத்தும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரெக்கோடர் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒலிப்பதிவாளனுக்கு அது இடைஞ்சல்தான், கை படுகிற சத்தம் விழும். விழட்டும்.

சம்மதப் படிவம் பற்றிக் கொஞ்சம். தொலைக்காட்சியில் ஒருமுறை கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இங்கே மூன்று முறை: எடுக்குமுன், முதல் தொகுப்பைப் பார்த்தபின், வெளியிடுமுன். ஒவ்வொரு தடவையும் படிவத்தை வாய்விட்டு அவருடைய மொழியில் வாசிக்க ஒருவர் இருந்தார். பதிந்த எல்லாவற்றினதும் உரிமை குடும்பத்துக்கே, படத்துக்குப் பயன்படுத்த மட்டும்தான் எங்களுக்கு அனுமதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பூர்வகுடி மக்களின் தகவல்கள் பற்றி 1998இலிருந்து அங்கே வழங்கிவருகிற நான்கு சொற்கள் உண்டு: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். நான்காவதுதான் எனக்குப் புதிது. உரிமை உனக்கு, ஆனால் டிஸ்க் என் வீட்டில் என்றால் அது பாதி உரிமைதான். ரொறன்ரோவில் நடக்கும் இமாஜின்நேட்டிவ் திரைவிழா அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இப்படிப்பட்ட நடைமுறைகள் விரிவாக இருக்கின்றன. எந்தச் சமூகத்தைப் படம் எடுப்பவரும் அதைப் படிக்கலாம்.

மூன்று சம்மதம் ஏன் தேவை என்று 2021இல் விளங்கியது. கம்லூப்ஸில் பழைய பள்ளி வளாகத்தில் சுமார் 200 புதைகுழிகள் இருக்கலாம் என்று தரையூடுருவும் ராடார் காட்டிய செய்தி மே மாதக் கடைசியில் வந்தது. நாங்கள் தொகுப்பில் பாதிவழியில் இருந்தோம். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா அழைத்து, தங்கையைப் பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிடச் சொன்னார். படத்தின் முதுகெலும்பே அதுதான். இயக்குநர் "சரி" என்றார், அந்த ஒரே சொல்தான். அந்தப் பகுதி இல்லாத ஒரு படத்தை நாங்கள் முழுதாகத் தொகுத்தும் விட்டோம். செப்டெம்பர் 30, முதன்முறையாக நாடு தழுவிய நினைவுநாளாக அனுசரிக்கப்பட்ட அன்று, ஊரில் நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் அவர் மீண்டும் அழைத்தார். தங்கையின் பெயரைச் சொல்லலாம், முகத்தைக் காட்ட வேண்டாம். அப்படியே செய்தோம்.

ஆறுதல் என்ற சொல்லை மானிய விண்ணப்பங்களில் எழுதுவது எளிது. உள்ளதைச் சொன்னால், பெரிய பதிவு ஒன்று முடிந்த பின் பெரியம்மா பத்து நாட்கள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கதைப்பதால் மட்டும் காயம் ஆறிவிடாது. சில நேரம் திறக்கும். அதனால்தான் ஆலோசகர் ஒருவரைப் படக்குழுவில் சம்பளத்துக்கு வைத்திருந்தோம். ஊர் மூத்தவர் ஒருவரும் எப்போதும் உடன் இருந்தார். கடினமான கேள்விகள் காலையில் மட்டும், மாலை இருட்டுமுன் முடிக்க வேண்டும், அடுத்த நாள் படப்பிடிப்பே இல்லை. தொடக்கமும் முடிவும் பள்ளிக்கு வெளியே: தகப்பனோடு மீன்பிடிக்கப் போனது, முதல் பிள்ளை பிறந்தது. பள்ளியில் இருந்து கேள்வியைத் தொடங்கிப் பள்ளியிலேயே விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. கண்ணீர் வந்தால் கமரா நெருங்காது. கண் துடைத்த காகிதங்களைக் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்துப் பிறகு புனித நெருப்பில் இட்டார்கள். ஆணைக்குழுவின் அமர்வுகளிலும் இப்படித்தான் செய்தார்களாம்.

மொழிபெயர்ப்பின்போது ஒரு நாள். அனிஷினாபே மொழியில் உண்மைக்கு 'டெப்வேவின்' என்று ஒரு சொல். அதற்குள் இதயத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது, தன் நெஞ்சுக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்வதுதான் உண்மை என்று மூத்தவர்கள் விளக்குவார்கள். எங்களிடம் மூன்று சொற்கள் உண்டு என்றேன்: உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, மெய்யில், அதாவது உடம்பில், நிற்பது மெய்மை. இயக்குநர் திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு காட்சியைப் பின்னோக்கி ஓடவிட்டார். பெரியம்மா சிரித்துக்கொண்டு பள்ளிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார். மேசைக்குக் கீழே அவர் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வாய் ஒன்று சொல்ல மெய் வேறொன்று சொல்கிறது. அந்தக் காட்சியை வைக்கலாமா என்று அவரிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் கைகளா அவை?" என்றார். வைக்கச் சொன்னார்.

முதல் திரையிடல் 2022இல், திரைவிழாக்களுக்குப் போகப் பல மாதம் முன், அந்த ஊர்ச் சமூக மண்டபத்தில். அதற்கும் முன் பெரியம்மாவின் பிள்ளைகள் மட்டும் அவர் வீட்டில் பார்த்தார்கள். ஐந்து பிள்ளைகளில் மூன்று பேருக்கு அன்றுதான் முழுக்கதையும் தெரியும். மூத்த மகன் எழுந்து வெளியே போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. திரும்பி வந்து தாயின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மண்டபத்தில் விளக்கைப் போட்டதும் கேள்வி பதில் கிடையாது, சாப்பாடுதான்: மான் இறைச்சி, காட்டு அரிசி, பனக் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி. ஆலோசகர்கள் இருவர் வாசலருகே இருந்தார்கள். நாங்கள் நகரத்துக்காரர்கள் மறுநாளும் தங்கினோம். படம் காட்டிய அன்றே வண்டியேறுவதை இயக்குநர் அனுமதிக்கவில்லை.

படம் பிறகு சில விழாக்களுக்குப் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிஸ்க்குகள் எல்லாவற்றையும் 2023 வசந்தத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றோடு ஒரு ரெக்கோடரும், அந்தப் பழைய ஹெட்போனும். பெரியம்மாவின் பேத்திக்கு அப்போது 17 வயது. அவருக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன்: ஒலி மட்டம் எப்படி வைப்பது, அறையின் வெறும் சத்தத்தை ஏன் ஒரு நிமிடம் தனியாகப் பதிய வேண்டும், இடைவேளை என்றால் முதலில் மைக்கைக் கழற்ற வேண்டும்.

போன மாதம் அந்தப் பேத்தி அழைத்தார். ஊரிலுள்ள மற்ற மூத்தவர்களைத் தன் மொழியிலேயே பதிந்துகொண்டிருக்கிறார். ஒருவர் படகில் இருக்கும்போதுதான் கதைக்கிறாராம், ஏரிக்காற்று மைக்கில் அடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். என்னிடம் இருந்த மயிர்வைத்த காற்றுத் தடுப்பு உறையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.